இருவருக்கு ஒரு வேன்

ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றிவரும் 'நார்த் கோஸ்ட் 500' சாலை, இன்வெர்னஸில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிறது. சுமார் 830 கிலோமீட்டர். 2015இல் இந்தப் பெயர் சூட்டப்பட்டதிலிருந்து, படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேம்பர்வேனில் காதல் ஜோடிகள் கிளம்பிவிடுகிறார்கள்.

வேன் சின்னதாக இருப்பதே நல்லது. நெருக்கத்துக்காக மட்டுமல்ல. இந்த வழியில் ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்குப் போகும் பியாலாக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. ஒற்றைத்தடம், கொண்டை ஊசி வளைவுகள். பெரிய வண்டிகள் வேண்டாமென்று அடிவாரத்திலேயே பலகை எச்சரிக்கிறது. எதிரே கார் வந்தால், ஒதுங்குமிடம் வரை யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். ஜோடிப் பொருத்தத்தை ஜாதகத்தைவிட இது தெளிவாகச் சொல்லிவிடும்!

பயணத்துக்கு மே கடைசி உத்தமம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும். 'மிட்ஜ்' எனும் கடிபூச்சிப் படை முழுதாகக் கிளம்பியிருக்காது. ஸ்காட்லாந்தில் திறந்தவெளியில் கூடாரம் அடிக்கச் சட்டம் தரும் பொது உரிமை வண்டிக்குப் பொருந்தாது. அதனால் இரவு தங்க முகாமிடத்தை முன்பதிவு செய்தாக வேண்டும்.