கைவிடப்பட்ட வெப்பமானி

கணிப்பொறியின் மையச் செயலி எவ்வளவு சூடாகியிருக்கிறது, விசிறி நிமிடத்திற்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பனவற்றைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள் 'ஓப்பன் ஹார்டுவேர் மானிட்டர்'. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். 2016-க்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு, 2020-இல் 0.9.6 என்ற பதிப்பு வந்தது. அத்துடன் அந்த வரிசை நின்றது.

நின்றால் என்ன, பழைய அடிக்கோல் இன்றும் சரியாக அளக்கவில்லையா என்று கேட்கலாம். இங்கே அந்த வாதம் செல்லாது.

இன்டெல் சில்லுகளில் உள்ள உணரி வெப்பநிலையை நேராகச் சொல்வதில்லை. உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை டிகிரி உள்ளது என்றே சொல்கிறது. வரம்பு 100° செ., உணரி காட்டுவது 40 என்றால், வெப்பநிலை 60° செ. வரம்பை 90 எனத் தவறாகக் கொண்ட மென்பொருள் 50 என்று காட்டும். 2017-இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7 1800எக்ஸ் சில்லோ, உண்மை அளவுடன் 20 டிகிரியைக் கூட்டியே சொல்லும். இதை அறியாத நிரல் 45-ஐ 65 என்று காட்டும். இயற்பியலில் இது முறையான பிழை. நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் நீங்காது. புதிய சில்லுகளின் விவரம் சேராத மென்பொருள், தயங்காமல் பொய் சொல்லக்கூடும்.

ஆகவே, அதே மூல நிரலிலிருந்து கிளைத்த 'லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர்' செய்த தொண்டு பாராட்டுக்குரியது. தன்னார்வலர்கள் புதிய சில்லுகளையும் தாய்ப்பலகைகளையும் தொடர்ந்து சேர்த்து வந்தனர்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். உணரிகளைப் படிக்க, விண்டோஸின் உட்கருவுக்குள் நுழையும் 'வின்ரிங்0' என்ற பழைய இயக்கி நிரலையே இதுவும் நம்பியிருந்தது. வீட்டின் எல்லா அறைகளையும் திறக்கும் சாவி போன்றது அது. தீய நிரலின் கையிலும் அதே வேலையைச் செய்யும். இந்த ஓட்டை 2020-லேயே பதிவாயிற்று. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதை அபாயம் என்று தடுக்கத் தொடங்கிய பிறகே பலரும் விழித்தனர். பின்னர் லிப்ரே, 'பான்ஐஓ' என்ற கட்டுப்பாடு மிகுந்த இயக்கிக்கு மாறியது.

தன்னார்வலர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. புதிய இயக்கிக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வேண்டும்; அதற்கான சான்றிதழை நிறுவனங்களே விலை கொடுத்துப் பெற முடியும். இலவசமாய்ப் பயன்படுத்திய நாம் யாரும் அந்தச் செலவைப் பற்றி எண்ணவில்லை.

ஒரு மென்பொருளைக் காப்பது என்பது மேல்தளத்தில் அறைகள் கட்டுவது மட்டுமன்று. அடித்தளத்தைச் சோதிப்பதும் ஆகும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. இரவெல்லாம் அணைந்திருந்த கணிப்பொறியை இயக்கிய உடனே அளவைக் குறியுங்கள். காற்றால் குளிரும் சில்லு, அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. 30° அறையில் 18° என்று காட்டினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். சில்லின் பெயருடன் மென்பொருளைப் பேணுவோருக்கு எழுதுங்கள். திறந்த மூல நிரல் உயிர் வாழ்வது இத்தகைய சிறு உதவிகளால்தான்.