கல்லில் விழும் புள்ளி

ஆலங்காயத்து அடக்கத்தலத்தில் ஒரு மீஸான் கல்லின் முன் நாம் நெடுநேரம் நின்றதுண்டு. ‘ரஹ்மத்’ என்றிருக்க வேண்டிய சொல்லில் முதலெழுத்தின் மேல் ஒரு புள்ளி கூடுதலாக விழுந்திருந்தது. ‘ரா’ என்பது ‘ஸாய்’ ஆயிற்று. அருள் எனும் சொல், உருது படிப்போர்க்குத் தொல்லை எனும் ‘ஸஹ்மத்’ ஆயிற்று. அருள் வேண்டி நட்ட கல்லன்றோ அது! செதுக்கியவரின் கைத்திறத்தில் குறையில்லை, வளைவுகள் அழகியவை. அவருக்கு அம்மொழி தெரியாது. தெரிந்தவர் எவரும் உடனிருந்து படித்துப் பார்க்கவில்லை.

அரபு எழுத்துகள் 28. அவற்றுள் 15 புள்ளி பெறுவன. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஆயினும் மொழியறிந்தோர் இடம் நோக்கிப் படித்துக்கொள்வர். இல்லாத புள்ளியை அறிவு நிரப்பும். தவறி விழுந்த புள்ளியோ அறிந்தவனையும் தடுமாறச் செய்யும். தோல் தொழில் செய்யும் நம் வட்டாரத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. தவறி வெட்டிய தோல் மீண்டும் ஒட்டுவதுண்டோ?

கல்லெழுத்தின் சிறப்பு படிப்பவனை மனத்தில் இருத்துவதில் உள்ளது என்பது நம் கருத்து. தாஜ்மஹாலின் வேத வசனங்களை வரைந்தவர் ஷீராஸிலிருந்து வந்த அமானத் கான். வெண்பளிங்கை அகழ்ந்து கருங்கல்லைப் பதித்த எழுத்துகள் அவை. உயரம் ஏற ஏற எழுத்தும் பெரிதாகிறது. அதனால் கீழே நிற்பவர் கண்ணுக்கு யாவும் ஓரளவாகத் தோன்றும். 1638-39ஆம் ஆண்டைக் குறித்துத் தம் பெயரையும் அவர் அங்கே பொறித்துள்ளார். பிழைக்கும் சிறப்புக்கும் தாமே பொறுப்பு என்று கையொப்பமிட்டது போலன்றோ இது!

இந்நாளில் கணிப்பொறி வழியே இயந்திரம் கல்லைக் குடைகிறது. எழுத்து ஆழமாகவும் சீராகவும் விழுகிறது. ஆனால் இணைந்து நிற்க வேண்டிய அரபு எழுத்துகள் பிரிந்தும், வரிசை தலைகீழாகியும் பொறிக்கப்படுவதைக் காண்கிறோம். நன்கொடையாளர் பெயர் பெரிதாகவும், திருவசனம் சிறிதாகவும் அமைவதும் உண்டு. பழியை இயந்திரத்தின் மேல் போடுதல் நேர்மையன்று. உளியும் படிக்காது, இயந்திரமும் படிக்காது. படிக்க வேண்டியவர் நாமே.

ஜமாஅத்தாரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கல்லில் ஏறுமுன் எழுத்துப்படியை ஓர் ஆலிம் வாய்விட்டுப் படிக்கட்டும். பொறித்தபின், கல்லை நாட்டுமுன், மீண்டும் ஒருமுறை படிக்கட்டும். காகிதத்துப் பிழையை ஒரு கோட்டால் அடித்துவிடலாம். கல்லின் பிழையோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நின்று நம் கவனக்குறைவுக்குச் சாட்சி கூறும்.