ஆங்கிலிக்கன் சகோதரிகள் மடங்களை எதைக் கொண்டு அளப்பது?

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், 1841இல் ஆக்ஸ்போர்டில் மரியன் ஹியூஸ் பியூசி குருவானவர் முன்னிலையில் துறவறப் பொருத்தனை செய்தார். 1845இல் லண்டனில் முதல் சகோதரிகள் இல்லம் எழுந்தது; டெவன்போர்ட், வாண்டேஜ், கிளூவர், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் எனத் தொடர்ந்து மடங்கள் பெருகின. இவற்றைப் பணிமடங்கள் என்றும், 1906இல் தோன்றிய ஃபேர்ஏக்கர்ஸ் போன்றவற்றைத் தியானமடங்கள் என்றும் பிரித்து, முன்னவற்றைப் பள்ளி, மருத்துவமனைக் கணக்கால் மட்டுமே மதிப்பிடுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது. ஜெபம் பணியை எவ்வளவு தாங்கியது என்பதையே பார்க்க வேண்டும் என்பேன்.

1849இல் பிளிமத் நகரில் காலரா பரவியபோது, நோயாளிகளைப் பராமரித்த, டெவன்போர்ட் மடத்தலைவி லிடியா செலனின் சகோதரிகள் அன்றாடம் திருவிருந்து வேண்டுமென்று கேட்டுப் பெற்றார்கள். அன்றைய இங்கிலாந்துத் திருச்சபையில் அது வழக்கத்தில் இல்லாதது. மரணத்தினிடையே உழைத்தவர்களுக்கு ஜெபம் ஓய்வுநேர அலங்காரமாக இருக்கவில்லை, உழைப்பதற்கான பலமாக இருந்தது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஜான் மேசன் நீல் 1855இல் தொடங்கிய மடமும் அப்படித்தான்: சகோதரிகள் ஏழை நோயாளிகளின் குடிசைக்கே போய்த் தங்கினார்கள். அந்த மடத்தார் 1887இல் கொழும்புக்கு வந்து பிஷப்ஸ் கல்லூரியை ஏற்று நடத்தினார்கள். அமெரிக்காவில் 1878இல் மெம்பிஸ் நகரை மஞ்சள் காய்ச்சல் தாக்கியபோது, அங்கே பணியாற்றிவந்த, அப்போது வெளியூரில் ஓய்விலிருந்த சகோதரி கான்ஸ்டன்ஸ் செய்தி கேட்டுத் திரும்பி வந்தார். அவரும் உடன் சகோதரிகள் மூவரும் அங்கேயே இறந்தார்கள்.

இதெல்லாம் ரோமாபுரியின் நகல் என்று அன்றே கூச்சலிட்டார்கள். 1857இல் லூயிஸ் நகரில் ஒரு சகோதரியின் அடக்க ஆராதனையிலேயே கும்பல் கலவரம் செய்தது. ஆனால் இச்சகோதரிகள் போப்பின் அதிகாரத்தை ஏற்கவில்லை. பல மடங்களில் தங்கள் தலைவியைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். வலுவான ஆட்சேபம் வேறு. கற்ற குடும்பத்துப் பெண்கள் ஜெபப் பாடகர் வரிசையிலும், உழைக்கும் குடும்பத்துப் பெண்கள் சமையலறை, சலவைப் பணியிலுமாகப் பல மடங்கள் பிரித்து வைத்தன. என் அளவுகோலின்படி இது பெருங்குறை, ஏனெனில் பணியின் பாரத்தைச் சிலர்மேல் ஏற்றி ஜெபத்தின் பெரும்பங்கை மற்றவர்களுக்கு ஒதுக்கியது. 20ஆம் நூற்றாண்டில் மடங்கள் அப்பிரிவைக் கைவிட்டது நியாயமே.

இன்று பள்ளியும் மருத்துவமும் பெரும்பாலும் அரசின் கைக்குப் போய்விட்டன, இனி மடம் எதற்கு என்போருக்குக் கிளூவர் மடமே பதில். பெரிய கட்டடத்தை விட்ட அச்சகோதரிகள் 2012இல் கடெஸ்டன் இறையியல் கல்லூரி வளாகத்தில் குடியேறி, குருத்துவ மாணவர்களோடு சேர்ந்து அன்றாட ஜெபத்தைத் தொடர்ந்தார்கள்.