சர்க்கரை நோயும் எலும்பு ஸ்கேனும்: எழுபது வயது வரம்பு யாருக்குப் பொருந்தும்?

சிட்னி வென்ட்வொர்த்வில்லிலோ மெல்பர்ன் டாண்டினாங்கிலோ வாழும் அறுபது வயதுத் தமிழருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், ஆஸ்திரேலிய மருத்துவ ஏற்பாடு அவரை ஓரளவு நன்றாகவே கவனிக்கிறது. ஹெச்பிஏ1சி, சிறுநீரில் புரதம், கண், பாதம், கொழுப்பு, ரத்த அழுத்தம் எனத் தவறாமல் பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியலே உண்டு. எலும்பு அதில் இல்லை. எலும்பைக் கவனிக்க வேறொரு வழி இருக்கிறது. அது சர்க்கரை நோயைக் கேட்பதில்லை.

டைப் 2 சர்க்கரை நோய் எலும்பைக் கெடுக்கும் விதம் வழக்கமான எலும்புப்புரையிலிருந்து மாறுபட்டது. இந்நோயாளிகளின் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் சராசரியாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை, எலும்பின் கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது. பழைய எலும்பைக் கரைத்துப் புதியதைக் கட்டும் வேலையும் மந்தமாகிறது. பார்வைக்குக் கனமான எலும்பு, அடிபட்டால் எளிதில் உடைகிறது. போதாததற்கு மரத்துப்போன பாதம், மங்கிய பார்வை, இன்சுலினால் சட்டென இறங்கும் சர்க்கரை எல்லாம் ஆளைக் கீழே தள்ளுகின்றன.

இந்த எலும்பை அளக்க நம்மிடம் உள்ள முதன்மைக் கருவி டெக்ஸா ஸ்கேன். மிகக் குறைந்த கதிர்வீச்சில், வலியில்லாமல், சில நிமிடங்களில் இடுப்பையும் முதுகுத்தண்டையும் அளந்து ‘டி ஸ்கோர்’ என்ற எண்ணைத் தருகிறது. அது -2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கோடு. சர்க்கரை நோயாளிகளிடமும் இந்த எண் இறங்க இறங்க முறிவு கூடத்தான் செய்கிறது. ஆகவே ஸ்கேன் வீண் என்று சொல்வதற்கில்லை. எண்ணைப் படிக்கும் முறையில்தான் கோளாறு. 2011இல் ‘ஜாமா’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வின்படி, ஒரே டி ஸ்கோர் உள்ள இருவரில் சர்க்கரை நோயாளிக்கே ஆபத்து அதிகம். பெண்களுக்குச் சுமார் 0.6, ஆண்களுக்குச் சுமார் 0.4 புள்ளி தாழ்த்திப் படிக்க வேண்டும். பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ள ஒரு பெண்ணுக்கு -2.0 வந்ததாக வைத்துக்கொள்வோம். அறிக்கை ‘அடர்த்தி சற்றுக் குறைவு’ என்று முடித்துவிடும். அவருடைய ஆபத்தோ -2.6 உள்ளவருக்கு நிகர். அதாவது கோட்டைத் தாண்டிவிட்டவர்.

டி ஸ்கோரை மட்டும் நம்பாமல் மற்றக் காரணங்களையும் சேர்த்து முறிவு ஆபத்தைக் கணக்கிடவே கணிப்பான்கள் வந்தன. சிட்னி கார்வன் நிறுவனத்தின் கணிப்பான், அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியுள்ள டப்போ ஊரில் 1989இல் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்தது. பங்கேற்றவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். அது கேட்பது ஐந்தே கேள்விகள்: பாலினம், வயது, ஐம்பதுக்குப் பின் ஏற்பட்ட முறிவுகள், கடந்த 12 மாதத்தில் விழுந்த தடவைகள், டி ஸ்கோர் அல்லது எடை. விழுந்ததைக் கேட்பது பெரிய நல்ல அம்சம். சர்க்கரை நோயாளியின் ஆபத்தில் பாதிக்கதை அங்கேதான் இருக்கிறது. சர்க்கரை நோயைக் கேட்காதது பெரிய குறை. பிரிட்டனின் ஷெஃபீல்டில் 2008இல் உருவான ஃப்ராக்ஸ், பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு வரை விசாரிக்கிறது. டைப் 2 நோய்க்குத் தனிக் கட்டம் இல்லை. அதனால், கட்டம் உள்ள முடக்குவாதத்தை, நோயாளிக்கு அது இல்லாவிட்டாலும், ‘உண்டு’ என்று குறித்துக் கணக்கைச் சரிக்கட்டும் யோசனையை நிபுணர்களே சொல்ல நேர்ந்தது. பின்னர் வந்த ஃப்ராக்ஸ்பிளஸ் நோயின் கால அளவையும் விழுந்ததையும் சேர்த்துக்கொள்கிறது. திருத்தம் சாத்தியம் என்பதற்கு அதுவே சான்று.

நமக்குச் சர்க்கரை வருமா என்று கணிக்கும் ஆஸ்திரேலியப் படிவமான ஆஸ்ட்ரிஸ்க், பிறந்த நாட்டைக் கேட்கிறது. ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் வரம்பையும் குறைத்து வைக்கிறது. அதுபோல எலும்புக்கும் தெற்காசியருக்கென ஒரு கணிப்பான் வேண்டும் என்ற வாதம் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க அனுபவம் எச்சரிக்கிறது. அங்கே ஃப்ராக்ஸில் ஹிஸ்பானியருக்குத் தனிப் பதிப்பு உண்டு. மற்ற விவரங்கள் ஒன்றாக இருந்தாலும் வெள்ளையருக்குக் காட்டுவதைவிடக் குறைந்த ஆபத்தையே அது காட்டும். அச்சமூகத்தில் மொத்த முறிவுகள் குறைவு என்பது கணக்கு. ஆனால் சர்க்கரை நோய் அவர்களிடம்தான் அதிகம். நோயுள்ள பெண்ணுக்கு இனத்தின் சராசரி பொய்யான தெம்பு தருகிறது. நம் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் சேரும். சிறிய உடற்கட்டு உள்ளவரின் சிறிய எலும்பை டெக்ஸா உள்ளதைவிட அடர்த்தி குறைவாகக் காட்டும்; சர்க்கரை நோயோ எலும்பின் பலவீனத்தை மறைக்கும். எதிரெதிரான இந்த இரண்டு பிழைகளும் ஒரே ஆளிடம் சரிசமமாகக் கழிந்துவிடும் என்று நம்ப இடமில்லை. இனத்தைவிட நோயைக் கேட்பதே உருப்படியான வழி.

கணிப்பான்களின் குறையைவிடப் பெரிய தடை ஸ்கேனுக்கான வயது வரம்பு. எழுபது ஆனவர் எவருக்கும் அரசின் மெடிகேர் காப்பீடு டெக்ஸாவுக்குப் பணம் தருகிறது. அதற்கு முன் என்றால் சிறு விழுகையில் முறிவு, நீண்டகால ஸ்டீராய்டு, முடக்குவாதம், நாட்பட்ட சிறுநீரக நோய் போன்ற காரணம் வேண்டும். சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் இல்லை. தெற்காசியர்களுக்கோ ஐரோப்பியரைவிடச் சுமார் பத்தாண்டு முன்பே இந்நோய் வருகிறது. நோய் பத்தாண்டைத் தாண்டினால் இடுப்பெலும்பு முறிவு ஆபத்து தெளிவாகக் கூடுவதைக் கனடாவின் மனிடோபா ஆய்வு காட்டியது. நாற்பத்தைந்தில் சர்க்கரை வந்தவர் எழுபதை எட்டும்போது எலும்புக்குக் கால் நூற்றாண்டுச் சேதம் ஆகியிருக்கும்.

அரசுத் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. சர்க்கரை உள்ள எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் செலவு எகிறும். பலருக்கு ‘நார்மல்’ என்று வந்து அசட்டை கூடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனவே எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டாம். நோய் பத்தாண்டு தாண்டியவர்கள், இன்சுலின் போடுபவர்கள், பாதம் மரத்தவர்கள், ஓராண்டுக்குள் விழுந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் அறுபதிலேயே கதவைத் திறந்தால் போதும். மெடிகேருக்கு இந்த நெகிழ்வு புதிதல்ல: 2014 நவம்பரில் வைட்டமின் டி பரிசோதனையைக் கட்டுப்படுத்தியபோது, கருந்தோல் உடையவர்களைத் தகுதிப் பட்டியலில் வைத்தது.

அதுவரை பொறுப்பு ஜி.பி.யிடமும் நம்மிடமும்தான். கால்சியம், வைட்டமின் டி மாத்திரையோடு விஷயத்தை முடித்துக்கொள்வது நம் வீடுகளின் வழக்கம். குறைபாடு இருந்தால் அது தேவைதான், ஆனால் விறைத்த கொலாஜனை அது சரிசெய்யாது. குளியலறையில் வழுக்கியதையும், உயரம் குறைந்ததையும் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போதே சொல்ல வேண்டும். பெண்களுக்கு எலும்பு முறிவைக் கூட்டும் பியோகிளிட்டசோன் மாத்திரை தொடர வேண்டுமா என்றும் கேட்கலாம். ஸ்கேன் எண் கையில் இருந்தால், சர்க்கரையைக் கணக்கில் சேர்த்துப் படித்தீர்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை.