பாயிரமில்லாத் தொகுப்புக்கள்: பொப்பிசையில் மூலப்பதிவும் மீள்பதிவும்

நூல் என்று வழங்கப்பெறுவன எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பது தமிழிலக்கண நூலார் தெளிந்து கூறிய உண்மையாகும். முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பியர், வழிநூலினைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். பின்வந்த நன்னூலார், சிறப்புப் பாயிரமானது ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் உணர்த்துதல் வேண்டும் என்றார். காலம், களம், காரணம் என்னும் மூன்றினையும் கூட்டிக் கூறுவாரும் உளர் என்றார். நூலைக் கையிலெடுப்பவன், தான் எடுத்தது முதலா வழியா, எக்காலத்தது, எக்களத்தே தோன்றியது என்பனவற்றை அறிந்த பின்னரே உட்புகவேண்டும் என்பது இவ்விதியின் கருத்து.

ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ்நூல்கள் ஏறிய காலத்திலும் இக்கருத்தே பதிப்பாசிரியர்க்கு வழிகாட்டியாயிற்று. 1887ஆம் ஆண்டிலே சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்து வெளியிட்டனர். ஏடுகள் பல தேடி ஒப்புநோக்கியும் பாடபேதம் ஆராய்ந்தும் இடைச்செருகலை ஐயுற்றும் உழைத்த அத்தலைமுறையினர் கற்பித்த பாடம், மூலத்தை மாற்றுதல் ஒன்று, மாற்றினேன் என்று கூறாதொழிதல் மற்றொன்று என்பதாகும். முன்னையது சிலபோது கலையாகும். பின்னையது எஞ்ஞான்றும் குற்றமாகும்.

இவ்வளவைக்கோலை நூலுக்கே உரியதென ஒதுக்காது, மெல்லிசையின் ஒரு துறைக்கும் பொருத்திப் பார்த்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். றொக் இசைக்குழுக்களும் பொப்பிசைப் பாடகரும் தம் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டி வெளியிடும் தொகுப்புக்கள் மூவகைப்படும். முன்னர் வெளிவந்த ஒலிப்பதிவுகளை அவ்வாறே சேர்த்தல் ஒருவகை. பழைய பாடல்களைப் பல்லாண்டு கழிந்தபின் அதே பாடகர் ஒலிப்பதிவுக் கூடத்திலே மீண்டும் பாடிச் சேர்த்தல் மற்றொரு வகை. மேடையிலே அவையோர் முன்னிலையிற் பாடியவற்றைச் சேர்த்தல் மூன்றாவது வகை. முதலாவது தொகுத்தல், இரண்டாவது வழிநூல் செய்தல், மூன்றாவது பெரும்பாலும் விரித்தல். மூன்றும் ஒரே உறையினுள், ஒரே பெயரோடு, வேறுபாடு கூறப்பெறாது வருகின்றபோதே இடர் தோன்றுகின்றது.

மீள்பதிவு எழுதற்குரிய காரணத்தை முதலில் ஆராய்தல் முறை. ஒரு பாடலிலே இருவகை உரிமை அடங்கியுள்ளது. சொல்லும் இசையமைப்பும் ஆக்கியோர்க்குரியன. குறித்த ஒருநாளிற் பதிவான ஒலி, பதிவினை வெளியிட்டார்க்குரியது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டமும் ஆக்கியோர் உரிமையையும் ஒலிப்பதிவு தயாரிப்பாளர் உரிமையையும் வெவ்வேறாகவே கொள்கின்றது. எனவே ஒரு பாடகன் நிறுவனம் மாறியவிடத்து, தன் பழைய பதிவினைத் தானே வெளியிட மாட்டாதவனாகின்றான். ஒப்பந்தம் விதித்த காலம் கழிந்தபின் அப்பாடலை மீண்டும் பாடிப் புதிய பதிவொன்று செய்தலே அவனுக்கு எஞ்சிய வழியாகும்.

மேனாட்டிலே இவ்வழக்கம் பழையது. கப்பிற்றல் நிறுவனத்தை நீங்கித் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கிய பிராங் சினாட்ரா, தம் பழம்பாடல்கள் பலவற்றை மீண்டும் பாடி 1963இல் ஒரு தொகுப்பாக்கினார். எவர்லி சகோதரர் 1964இலும், சக் பெரி 1967இலும் அவ்வாறே செய்தனர். 2012இல் டெஃப் லெப்பாட் என்னும் றொக் குழுவினர், தம் நிறுவனத்தோடு கொண்ட பிணக்கின் காரணமாகத் தம் பாடல்கள் சிலவற்றைப் பழைய பதிவுக்கு நிகராகவே மீண்டும் பதிவுசெய்தனர். இவ்வரிசையிற் பெரும்புகழ் பெற்றவர் ரெயிலர் சுவிஃப்ற். 2019இலே அவருடைய முதல் ஆறு தொகுப்புக்களின் மூலப்பதிவுகள் பிறர் கைக்குச் சென்றன. 2021 முதல் 2023 வரை அவற்றுள் நான்கினை அவர் மீண்டும் பதிவுசெய்தார். 2025இல் மூலப்பதிவுகளையும் விலைகொடுத்து மீட்டுக்கொண்டார். அவர் தம் மீள்பதிவு ஒவ்வொன்றின் பெயரிலேயே அது தமது புதிய பதிவு என்பதனைப் பொறித்தார் என்பது ஈண்டு சிறப்பாக நோக்கற்பாலது. வழியும் காரணமும் பாயிரத்திலன்றி நூற்பெயரிலேயே அமைந்துவிட்டன. இதற்கு மாறாக, பாடகரின் இளமைப் படத்தை முகப்பிலே பெரிதாக அச்சிட்டு, மீள்பதிவு என்னும் செய்தியைப் பின்புறத்தே கண்ணுக்கெட்டாத சிற்றெழுத்திலிட்ட மலிவுத் தொகுப்புக்கள் எண்ணில. வாங்குவோன் இளமைக் குரலுக்கு விலைகொடுத்து முதுமைக் குரலைப் பெறுகின்றான்.

இனி நம் நாட்டை நோக்குவோம். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கையிலே தமிழ்ப் பொப்பிசை என்னும் புதுத்துறை தழைத்தது. போர்த்துக்கேயர் தொடர்பால் எழுந்த பைலாவின் துள்ளல் தாளமும், மேனாட்டுக் கித்தாரும், யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கும், எள்ளலும் கலந்து பிறந்தது அது. ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினமும், ‘சுராங்கனி’ பாடிய ஏ. ஈ. மனோகரனும் அதன் முன்னோடிகளாக மதிக்கப்பெறுவர். இலங்கை வானொலியே அப்பாடல்களைக் கடல் கடந்தும் கொண்டுசென்றது. நித்தி கனகரத்தினம் பின்னர் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். மனோகரன் தமிழகஞ் சென்று திரைப்படங்களிலும் நடித்து, 2018 ஜனவரியிலே சென்னையிற் காலமானார். பாடகர் நாடு மாறினர். பதிவு செய்யும் கருவியும் மாறிற்று. ஆயினும் பாடலை வேண்டி நிற்கும் அவை மாறவில்லை. எனவே அப்பாடல்கள் இசைத்தட்டு, ஒலிநாடா, இறுவட்டு என உருமாறிய காலமெல்லாம் மேடையிலும் கூடத்திலும் மீண்டும் மீண்டும் பாடப்பெற்றன.

‘சுராங்கனி’யின் வரலாறு ஒன்றே இத்துறையின் சிக்கலைக் காட்டப் போதியது. மீனும் காதலும் விரவிய அப்பாடல் சிங்களத்திலும் தமிழிலும் வழங்கிற்று. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்திலே இளையராசாவின் இசையமைப்பில் அது புதுக்கோலம் பூண்டது. தொல்காப்பியர் கூறிய மொழிபெயர்ப்பும் விரித்தலும் ஒரு பாடலிலேயே நிகழ்ந்தன எனலாம். இன்று அப்பெயரைக் கேட்டோர் எப்பதிவை நினைக்கின்றனர் என்று வினவின், ஊருக்கொரு விடை வரும். விடை பலவாதல் குற்றமன்று, இராமகாதையும் பலவே. கம்பனைக் கையிற் கொடுத்து வான்மீகி என்று கூறுவதே குற்றம்.

மன்னார்க் கரையோரத்தார்க்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காயன்று. தலைமன்னாரிலிருந்து இராமேச்சுரக் கரைக்குக் கப்பலோடிய காலத்திலே இரு கரைப் பாட்டும் கலந்த இடம் இத்தீவு. 1990 ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பெற்றபோது தாராபுரம், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்கள் வெறுமையாயின. தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்து, புத்தளம் மாவட்டத்திலே பல்லாண்டு அகதிகளாய் வாழ்ந்தனர். வீடும் தோணியும் வலையும் விட்டுச் சென்றோர் ஒலிநாடாப் பெட்டியைத் தூக்கிச் சென்றார் என்று எண்ணுதல் இயலாது. மன்னாரின் கத்தோலிக்கரும் இந்துக்களும் போர்க்காலத்திலே பலமுறை இடம்பெயர்ந்தவரே. இவ்வாறு ஒரு தலைமுறையின் கேள்விச் செல்வம் சிதறியது. மீண்டு வந்தோர் தம் மக்களுக்கு, ‘எங்கள் காலத்துப் பாட்டு இது’ என்று காட்ட விழையுமிடத்து, கையில் அகப்படுவது பிற்காலத் தொகுப்பே. அது மீள்பதிவாயின், தந்தை நினைவிலுள்ள ஒலி வேறு, மைந்தன் செவியில் விழும் ஒலி வேறு. தந்தை ஏதோ குறையென உணர்வான். குறை யாதென்று சொல்ல அறியான். ஈற்றில், தன் நினைவே பிழைபட்டதென்று அமைவான். பாயிரமில்லாத் தொகுப்பு செய்யும் பெருந்தீங்கு இதுவேயாகும்.

குறைவது யாது என்பதனை இசைநிலையிலே நின்று ஆராயலாம். பழைய பதிவிலே பாடகனும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒருங்கு நின்று, ஒலிவாங்கிகள் சிலவற்றின் முன்னே பாடினர். ஒருவன் பிழைத்தால் யாவரும் மீண்டும் தொடங்குதல் வேண்டும்; ஆதலின் சிறுபிழைகள் பொறுக்கப்பெற்றன. பைலாத் தாளம் ஆறு எண்ணிக்கையில் ஓடுவது. கைத்தட்டும் தோற்கருவியும் அதனை உந்தும். பாடல் முடிவை அணுகுந்தோறும் நடை சற்றே விரையும். அவ்விரைவே கேட்போர் காலைத் துள்ளச் செய்வது. பிற்கால மீள்பதிவிலோ ஒவ்வோர் இசைக்கருவியும் தனித்தனியே பதிவாகின்றது. யாவும் இயந்திரம் தட்டும் ஒரே அளவைப் பின்பற்றுகின்றன. பிழை நீங்குகின்றது, அதனோடு துள்ளலும் நீங்குகின்றது. பாடகனின் சுருதி வயதோடு தாழ்கின்றது. குறும்பு நிறைந்த இளைஞனின் கூற்றாக எழுந்த அடி, முதியவனின் நினைவுகூரலாக மாறுகின்றது. பொருள் மாறாத சொற்களிலே பாவம் மாறுகின்றது.

ஆயினும் மீள்பதிவு யாவும் இழிந்தன என முடித்தல் நடுவுநிலையன்று. வயது தாழ்த்திய குரல் சில பாடல்களுக்கு ஆழந் தருவதுண்டு. பிரிவையும் இழப்பையும் பாடும் பாடல் இருபதில் பாடியதினும் அறுபதில் பாடியதனால் மெய்ம்மை பெறுதல் கூடும். ஆகவே மீள்பதிவை மதிப்பிடுதற்கு வினா இரண்டு உள. பாடகன் பழையதைப் பிரதி செய்ய முயன்றானா, அன்றி இன்றைய தன் அனுபவத்தை அதனுட் பெய்தானா என்பது ஒன்று. பழையது கிடைக்குமாறிருக்கப் புதியது அதனருகே வைக்கப்பெற்றதா, அன்றிப் பழையதை மறைத்து அதனிடத்தே வைக்கப்பெற்றதா என்பது மற்றொன்று. பிரதி செய்ய முயன்ற மீள்பதிவு தன் மூலத்தினும் எப்போதும் ஒருபடி குறைந்தே நிற்கும். புதுப்பொருள் பெய்தது தன் காலில் தானே நிற்கும்.

மேடைப்பதிவின் நிலை வேறு. மன்னார் மக்கள் கூத்தினை அறிந்தவர். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருபாங்கில் வழங்கும் இப்பகுதி நாடகங்களின் ஏடு ஒன்று. விடியுமளவும் அரங்கில் நிகழ்வது மற்றொன்று. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மூவிராசாக்கள் நாடகத்தைப் பதிப்பித்தபோது அச்சேறியது ஏடேயன்றி, அண்ணாவியாரின் மத்தளமும் அவையோரின் ஆரவாரமும் அல்ல. அச்சு விட்டதனை ஒலிப்பதிவு பிடித்துத் தருமாயின், அது கலைக்குச் செய்யும் பேருதவியாகும். ‘சீப் ட்றிக்’ என்னும் அமெரிக்கக் குழுவினர் 1977இல் கூடத்திற் பதிந்த பாடலொன்று அதிகம் பேசப்படவில்லை. 1978இல் தோக்கியோ நகரின் புடோகன் அரங்கிலே அதனையே பாடிய பதிவு அவர்க்குப் பெரும்புகழ் தந்தது. அவையும் ஆக்கியோருள் ஒருவராதல் அங்கே விளங்கும். ஆனால், மேடையிற் பதிந்ததனைப் பின்னர்க் கூடத்திலே திருத்தி, கைதட்டலை மாத்திரம் விட்டுவைத்து, மேடைப்பதிவு என்று விற்றல் களத்தைப் பொய்யாகக் கூறுதலாகும்.

‘கேட்போனுக்கு வேண்டியது பாட்டு, பதிவின் வரலாறு அவனுக்கெதற்கு?’ என்று வினவுவார் உளர். பாடகனின் வாழ்வு அவன் மீள்பதிவிலே தங்கியிருக்க, அதனை ஆராய்ந்து குறைகூறுதல் கொடிதென்பாரும் உளர். முன்னையோர் கூற்றுக்கு விடை, குறிப்பு வேண்டாதவன் அதனைப் படியாதொழியலாம். குறிப்பில்லாவிடத்து, வேண்டியவன் எங்குஞ் சென்று பெறமாட்டான் என்பதாகும். பின்னையோர் கூற்றிலே நியாயம் உண்டு. 2017இல் இளையராசா தம் பாடல்களை மேடைகளிற் பாடுதல் குறித்து எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்குச் சட்ட அறிவித்தல் விடுத்தமை, ஆக்கியோன் உரிமையும் பாடகன் உழைப்பும் எவ்வளவு நுண்ணிய இழையாற் பிணைந்துள்ளன என்பதனை உணர்த்திற்று. உழைத்தவன் பயன்பெறுதலை இக்கட்டுரை மறுக்கவில்லை. மறைத்தலாலேயே பயன் வரும் என்னும் எண்ணத்தையே மறுக்கின்றது. வெளிப்படக் கூறிய சுவிஃப்ற்றின் மீள்பதிவுகள் பெருவெற்றி பெற்றமை அதற்குச் சான்று.

ஆகவே தொகுப்பு வெளியிடுவோர் ஒவ்வொரு பாடலுக்கும் மூன்று செய்திகளைக் குறித்தல் வேண்டும்: பதிவான ஆண்டு, பதிவான இடம், உடனிருந்த இசைக்கலைஞர் பெயர். இவை நன்னூலார் கூறிய காலமும் களமும் ஆக்கியோன் பெயருமேயாகும். மூலத்தின் வேறாயின் ‘வழி’யும் கூறுதல் வேண்டும். இவற்றிற்கு நான்கு வரி போதும். ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊர்களில் எஞ்சிய இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் உறையோடு பேணி, உறையிலுள்ளதை அட்டவணைப்படுத்துதல் அடுத்த பணியாகும். ஏடு தேடி ஊரூராய் நடந்தோரின் வழிவந்தோர்க்கு இது பெரும்பணியன்று. செல்லரித்த ஏட்டை மீட்ட கைகளுக்குப் பூஞ்சணம் பிடித்த நாடாவை மீட்டலும் உரியதே. அது நிறைவேறுமாயின், தாராபுரத்துத் தந்தை தன் மைந்தனுக்கு, ‘இது பழையது, இது புதியது, இரண்டையும் கேள்’ என்று ஐயமின்றிக் கூறுவான்.