பரிசும் பதிப்புரிமையும்: அமெரிக்கத் திரைக்கதைப் போட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

1

கவிதைப் போட்டியொன்றிற் பரிசு பெறத் தவறிய கவிதை, தவறிய பின்னரும் கவிதையாகவே இருக்கிறது. வேறொரு சஞ்சிகை அதனை வெளியிடலாம். நண்பர் குழாத்தில் அதனைப் படித்துக் காட்டலாம். சிறுகதைக்கும் இது பொருந்தும். திரைக்கதையின் நிலை வேறு. அது தன்னளவில் முற்றுப்பெற்ற கலைப்பொருளன்று. நடிகரையும் தொழில்நுட்பவியலாளரையும் கருவிகளையும் விநியோகத்தையும் ஒன்றுகூட்டவல்ல மூலதனம் கிடைத்தாலன்றி, அது தாளில் எழுதப்பட்ட உத்தேசமாகவே எஞ்சிவிடும். ஆகவே திரைக்கதைப் போட்டிகளை இலக்கியப் போட்டிகளின் வரிசையில் வைத்து நோக்குதல் பொருத்தமற்றது. இலக்கியப் போட்டியில் எழுத்தாளர் அங்கீகாரத்தை நாடுகிறார். திரைக்கதைப் போட்டியில் அவர் நாடுவது உற்பத்திச் சாதனங்களை அணுகுவதற்கான அனுமதியை.

கடந்த சில தசாப்தங்களில் இத்தகைய போட்டிகள் அமெரிக்காவிற் பல்கிப் பெருகியுள்ளன. இணையத்தின் வருகையோடு, புதிய எழுத்தாளர் ஒருவர் மற்றவரின் பிரதியை வாசித்துக் கருத்துரைக்கும் குழாங்களும் அவற்றோடு இணைந்து கொண்டன. இவை ஹொலிவூட்டின் கதவுகளை எளியோருக்குத் திறந்துவிட்டன என்பது பரவலான கருத்து. இக்கருத்து எந்த அளவுக்கு உண்மையானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு இரு வினாக்களை நாம் அளவுகோலாகக் கொள்கிறோம். ஒன்று, ஆயிரக்கணக்கான பிரதிகளை வாசிக்கும் உழைப்பின் செலவை யார் ஏற்கின்றனர்? மற்றொன்று, போட்டி முடிந்தபின் பிரதியின் உரிமை யாரிடம் இருக்கிறது?

2

திரைக்கதைப் போட்டி நமது காலத்துக் கண்டுபிடிப்பன்று. அமெரிக்க மௌனப்பட யுகத்திலேயே அதன் தோற்றத்தைக் காணலாம். 'பென் ஹேர்' நாவலை அனுமதியின்றிப் படமாக்கிய கேலம் கொம்பனிக்கு எதிராக அமெரிக்க உயர் நீதிமன்றம் 1911இல் தீர்ப்பளித்தது. புகழ்பெற்ற நாவல்களை விலையின்றி எடுத்தாளும் வழக்கத்துக்கு இத்தீர்ப்பு முட்டுக்கட்டையாயிற்று. வாரந்தோறும் புதிய படங்களை வெளியிட வேண்டியிருந்த கொம்பனிகள் புதுக் கதைகளுக்காகப் பொதுமக்களை நாடின. அனிற்றா லூஸ் என்னும் இளம்பெண் தபாலில் அனுப்பிய கதையை பயோகிராஃப் கொம்பனி 25 டொலருக்கு வாங்கியது. 1912இல் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் நெறியாள்கையில் வெளிவந்த 'த நியூயோர்க் ஹற்' அக்கதையே. லூஸ் பின்னர் ஹொலிவூட்டின் முன்னணி எழுத்தாளருள் ஒருவராக விளங்கினார். இத்தகைய வெற்றிகள் நாடெங்கும் கதை எழுதும் மோகத்தைப் பரப்பின. 1915இல் 'த டயமண்ட் ஃப்ரொம் த ஸ்கை' என்னும் தொடர்படத்தின் தொடர்ச்சிக்குக் கதை தருவோருக்கு 10,000 டொலர் பரிசு அறிவிக்கப்பட்டது. அஞ்சல்வழியே திரைக்கதை கற்பிக்கும் பாடசாலைகளும் கைநூல்களும் பெருகின. கதையை விற்றுப் பணம் கண்டோரினும், கதை எழுதக் கற்பிப்பதை விற்றுப் பணம் கண்டோரே அதிகம் எனக் கருத இடமுண்டு.

இத்திறந்த வாயில் நீண்ட காலம் நிலைக்கவில்லை. ஸ்ரூடியோக்கள் பெருந்தொழிற்சாலைகளாக வளர்ந்தபோது, சம்பளம் பெறும் எழுத்தாளரைக் கொண்ட தனிப் பகுதிகள் அவற்றில் அமைந்தன. வெளியாரின் கதையைத் திருடியதாக எழக்கூடிய வழக்குகளுக்கு அஞ்சி, கோராது வந்த பிரதிகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பும் வழக்கமும் வேரூன்றியது. முகவர் ஒருவரின் ஊடாகவன்றிப் பிரதியைச் சமர்ப்பித்தல் இயலாதாயிற்று. படைப்பு ஏதும் விலைபோகாத எழுத்தாளரை முகவரும் எளிதில் ஏற்பதில்லை. இம்முரண்பாடே பிற்காலப் போட்டிகள் யாவற்றுக்கும் அடிநிலமாக அமைந்தது. வாயில் மூடியிருப்பதனாலேயே சாவிக்கு விலையேற்படுகிறது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3

இப்பின்னணியில் 1986இல் அமெரிக்கத் திரைப்படக் கலை, விஞ்ஞானக் கழகம் ஆரம்பித்த நிக்கல் புலமைப்பரிசில் திட்டம் முதலிற் கவனத்துக்குரியது. தொலைக்காட்சி எழுத்தாளரான டொன் நிக்கல் நினைவாக அவரது துணைவியார் ஜீ நிக்கல் வழங்கிய நிதியைக் கொண்டு இது தோன்றியது. திரைக்கதை எழுதிப் பெரும்பொருள் ஈட்டாதோருக்கே இதில் இடமுண்டு. ஆண்டொன்றுக்கு ஐவர் வரை தெரிவு செய்யப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 35,000 டொலர் வழங்கப்பட்டு வந்தது. பரிசைப் பெறுவோர் அடுத்த ஓராண்டுக்குள் புதிய திரைக்கதையொன்றை எழுதி முடிக்க வேண்டும். இங்கு பரிசு என்பது நேற்றைய பிரதிக்கான விலையன்று. நாளைய பிரதிக்கு வேண்டிய ஓய்வும் சோறும் ஆகும். பிரதியின் மீது கழகம் எவ்வித உரிமையும் கோருவதில்லை. நமது இரண்டாம் வினாவுக்கு இத்திட்டம் நேர்மையான விடையளிக்கிறது.

எனினும் முதலாம் வினா எஞ்சி நிற்கிறது. சில ஆண்டுகளில் 7,000க்கும் மேற்பட்ட பிரதிகள் இதற்கு வந்தன. அவற்றுள் ஐந்து என்பது ஏறத்தாழ 1,400க்கு ஒன்று. தோற்றவர் ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் செலுத்தியவரே. நற்பணி நோக்குடைய இத்திட்டத்திலும் வாசிப்பின் செலவில் ஒரு பங்கைக் கதவண்டை நிற்போரே சுமந்தனர். நற்பணி நோக்கும் பெருநிதியும் அற்ற எண்ணற்ற சிறு போட்டிகளில் கட்டணமே தொழிலின் அடித்தளம் என்பதைக் கூற வேண்டியதில்லை.

4

வாசிப்பின் செலவைக் குறைக்கும் வேறொரு வழியை இணையம் காட்டியது. இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் ஸோயெட்ரோப் நிறுவனம் தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கிய இணையவழிப் பட்டறை இதற்குச் சிறந்த உதாரணமாகும். தமது பிரதியைச் சமர்ப்பிக்க விரும்புவோர் முதலிற் பிறரின் பிரதிகள் சிலவற்றை வாசித்து விமர்சனம் எழுத வேண்டும் என்பது அதன் விதி. 2000இல் பென் அஃப்லெக்கும் மற் டேமனும் தொடங்கிய 'புறொஜெக்ற் கிறீன்லைற்' போட்டியின் முதற் சுற்றிலும் போட்டியாளரே ஒருவர் பிரதியை மற்றவர் மதிப்பிட்டனர்.

இவ்வேற்பாட்டை இருவேறு கோணங்களில் நோக்கலாம். நிறுவனத்தின் கோணத்தில், ஊதியம் பெறும் வாசகர் செய்த வேலையை ஊதியமின்றிச் செய்விக்கும் உபாயம் இது. எழுத்தாளரின் கோணத்திலோ இதன் பெறுமானம் வேறு. தனித்து எழுதிய ஒருவருக்கு முன்பின் அறியாத சகபாடி ஒருவரின் கவனமான வாசிப்புக் கிடைக்கிறது. பிறரின் குறைகளை இனங்காண்பவர் தமது குறைகளையும் இனங்காணக் கற்கிறார். பரிசு ஐவருக்கே உரியது. இப்பயிற்சியோ பங்குபற்றிய அனைவருக்கும் உரியது. இவ்வமைப்புகளில் உண்மையில் முற்போக்கானதாக நாம் காண்பது இதனையே. ஆயின் ஒரே பரிசுக்குப் போட்டியிடுவோரையே ஒருவருக்கொருவர் நடுவராக்கும்போது, இக்கூட்டுறவு ஐயத்துக்குள்ளாகிறது என்பதும் மறைக்கற்பாலதன்று.

'புறொஜெக்ற் கிறீன்லைற்' இன்னொரு வகையிலும் கருத்திற்குரியது. 'குட் வில் ஹண்டிங்' படத்துக்காக 1998இல் ஒஸ்கார் விருது பெற்ற இரு இளைஞரும் தமக்குக் கிட்டிய வாய்ப்பைப் பிறருக்கும் வழங்க விரும்பினர். அவர்தம் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. முதற் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் திரைக்கதைகள் வந்தன. வெற்றிபெற்ற பீற் ஜோன்ஸ் இயக்கிய 'ஸ்ரோலன் சமர்' 2002இல் வெளியாயிற்று. அமெரிக்கத் திரையரங்குகளில் அதன் வசூல் ஒன்றரை இலட்சம் டொலரைக்கூட எட்டவில்லை. ஆனால் அப்படம் உருவான கதையை வாராவாரம் காட்டிய எச்.பி.ஓ. தொலைக்காட்சித் தொடர் வெற்றி கண்டது. எமி விருதுப் பரிந்துரைகளையும் பெற்றது. அனுபவமற்ற இயக்குநரின் தடுமாற்றம், தயாரிப்பாளரோடு அவர் கொண்ட பிணக்கு, பணத் தட்டுப்பாடு ஆகியனவே பார்வையாளர் விரும்பிய பண்டம். திரைப்படம் அப்பண்டத்தின் உபவிளைவாயிற்று. படைப்பாளியின் படைப்பன்று, அவரது இடர்ப்பாடே சந்தைப்படுத்தப்பட்டது எனலாம்.

2015இல் இத்தொடர் மீண்டும் ஒளிபரப்பானபோது எழுந்த சர்ச்சை, தெரிவு செய்வோர் யார் என்னும் கேள்வியை முன்னுக்குக் கொணர்ந்தது. கறுப்பினத் தயாரிப்பாளரான எஃபி பிறௌன், கதையிலுள்ள ஒரே கறுப்பினப் பாத்திரம் சித்திரிக்கப்படும் முறையைச் சுட்டிக்காட்டி, அதனைக் கையாளும் இயக்குநர் யாராக இருத்தல் வேண்டும் எனச் சிந்திக்குமாறு கேட்டார். டேமன் அதனை மறுத்துப் பேசினார். பலத்த கண்டனத்தின் பின் வருத்தம் தெரிவித்தார். திறமை ஒன்றே அளவுகோல் என்று கூறுமிடத்தும், எது திறமை எனத் தீர்மானிப்போரின் சமூக நிலை அத்தீர்ப்பில் ஊடுருவி நிற்கிறது. போட்டி என்னும் வடிவம் இவ்வுண்மையை மறைத்து, தெரிவுக்கு நடுநிலைத் தோற்றமொன்றை அளிக்கிறது.

5

பிரதியின் உரிமை பற்றிய வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியது 2010 நவம்பரில் தொடங்கிய அமேசன் ஸ்ரூடியோஸ் திட்டமாகும். எவரும் தமது திரைக்கதையை நேரே சமர்ப்பிக்கலாம், முகவர் வேண்டியதில்லை. 27 இலட்சம் டொலர் பரிசுகளாக அறிவிக்கப்பட்டது. ஆயின் நிபந்தனைகளை வாசித்தோர் அதிர்ச்சியுற்றனர். சமர்ப்பித்த கணத்திலிருந்து 18 மாதங்களுக்கு, எவ்விதக் கொடுப்பனவுமின்றி, பிரதியை வாங்கும் தனியுரிமை நிறுவனத்துக்கே உரியதாயிற்று. அக்காலத்தில் எழுத்தாளர் அதனை வேறெவருக்கும் விற்க முடியாது. மேலும் மூல ஆசிரியரின் இசைவைக் கேளாமலே பிறர் அப்பிரதியைத் திருத்தி எழுதலாம். தொழில்முறை எழுத்தாளரிடையே இத்தகைய தனியுரிமை பணங்கொடுத்துப் பெறப்படுவது. அதனை இலவசமாகப் பெறுதல், வாய்ப்பற்றோரின் வாய்ப்பின்மையையே மூலதனமாக்குதலன்றி வேறென்ன?

திரைக்கதையாசிரியர் ஜோன் ஓகஸ்ற் முதலானோர் இந்நிபந்தனைகளைக் கண்டித்து எழுதினர். 2012இல் நிறுவனம் விதிகளை மாற்றியது. 18 மாதம் 45 நாளாகக் குறைந்தது. பிரதியைப் பிறர் பார்வைக்கு வைக்காதிருக்கும் உரிமையும் எழுத்தாளருக்குக் கிடைத்தது. கண்டனக் குரலுக்குப் பயனுண்டு என்பதற்கு இது சான்று. பாலர் பாடசாலை ஆசிரியராக இருந்த டேவிட் அனக்ஸாகொறஸ் சமர்ப்பித்த பிரதி 'கோர்ற்றிமர் கிபன்ஸ் லைஃப் ஒன் நோர்மல் ஸ்றீற்' என்னும் சிறுவர் தொடராக 2014இல் வெளிவந்ததையும் நாம் குறிப்பிடுதல் நியாயமே. ஆயினும் 2018இல் திறந்த சமர்ப்பிப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. அதற்குள் அமேசன் புகழ்பெற்ற எழுத்தாளரையும் இயக்குநரையும் பெரும்பணம் கொடுத்து ஈர்க்கும் நிலைக்கு வளர்ந்துவிட்டது. மௌனப்பட யுகத்தில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. கதை தேவைப்பட்ட காலத்தில் திறந்த கதவு, தேவை தீர்ந்ததும் மூடிற்று.

ஃபிராங்ளின் லெனர்ட் 2005இல் தொடங்கிய 'பிளாக் லிஸ்ற்', படமாகாத சிறந்த திரைக்கதைகள் எவையெனத் துறைசார்ந்தோரிடம் கேட்டுத் தொகுத்த பட்டியலாகும். 2012இல் அது கட்டண வாசிப்புச் சேவையாகவும் விரிந்தது. பிரதியை வைத்திருக்க மாதக் கட்டணம். மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம். உரிமை எதனையும் கோராமையால் அமேசனின் முறையினும் இது நேர்மையானது. 2014இல் வெளியான 'நைற்றிங்கேல்' இதன் வழியே கண்டெடுக்கப்பட்டது. ஆனால் இங்கு செலவு முழுவதும் எழுத்தாளரின் தோளில் விழுகிறது. 2025இல் நிக்கல் திட்டமும் தனது பொதுச் சமர்ப்பிப்பை இச்சேவையிடமே ஒப்படைத்தமை, போக்கு எத்திசையிற் செல்கிறது என்பதைத் துலக்குகிறது.

6

இவற்றினூடாகத் திறமைசாலிகள் வெளிவந்துள்ளனரே எனச் சிலர் கேட்கலாம். உண்மை. 1992இல் நிக்கல் பரிசில் பெற்ற சூசன்னா கிறான்ற் பின்னர் 'எரின் புறொக்கோவிச்' படத்தை எழுதினார். ஆனால் வென்றோரின் பெயர்ப் பட்டியலைக் கொண்டு ஓர் அமைப்பை நியாயப்படுத்துதல், அதிர்ஷ்டச் சீட்டிழுப்பில் வென்றவரைக் காட்டி வறுமை தீர்ந்தது என்பதற்கு ஒப்பாகும்.

தமிழ்ச் சூழலில் இதற்கு ஒப்புநோக்கத்தக்க நிகழ்வு, கலைஞர் தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' போட்டி. அதிற் பங்குபற்றிய கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' 2012இலும், நலன் குமரசாமியின் 'சூது கவ்வும்' 2013இலும் வெளிவந்தன. இங்கு போட்டியாளர் சமர்ப்பித்தது தாளில் உறங்கும் பிரதியன்று. எடுத்து முடித்த குறும்படம். டிஜிற்றல் கமெராவின் வரவால் படப்பிடிப்புச் சாதனம் ஓரளவு இளைஞரின் கைக்கெட்டியிருந்தது. போட்டியின் ஊடாக ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், நடிகர் கொண்ட நட்புக் குழுக்களும் உருவாகின. சி. வி. குமார் போன்ற தயாரிப்பாளர் சிறு முதலீட்டில் இவர்களை நம்பிப் படமெடுத்தனர். பரிசைக் காட்டிலும் அக்குழுக்களே நின்று பயன்தந்தன என்பது எமது துணிபு.

ஆகவே போட்டிகளை முற்றாக நிராகரித்தல் எமது கருத்தன்று. போட்டி நடத்துவோரிடம் நாம் கோரவேண்டியவை தெளிவானவை. பிரதியின் உரிமை எழுத்தாளரிடமே இருத்தல் வேண்டும். வாசிப்போருக்கு ஊதியமும், தோற்றோருக்கு எழுத்திலான கருத்துரையும் கிடைத்தல் வேண்டும். நடுவர் குழு சமூகத்தின் பல பிரிவினரையும் கொண்டிருத்தல் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2023இல் 148 நாட்கள் நடத்திய வேலைநிறுத்தம் ஊதியத்திலும் பணி நிபந்தனைகளிலும் முன்னேற்றங்களை ஈட்டித் தந்தது. அவை எந்தப் போட்டியும் எவருக்கும் வழங்காதவை. ஆனால் இன்னும் தொழிலுக்குள் நுழையாதோர் அச்சங்கத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களைத் தனித்தனி விண்ணப்பதாரராக அல்லாது ஒரு கூட்டமாக இணைக்கக்கூடியவை, ஒருவர் பிரதியை மற்றவர் வாசிக்கும் குழாங்களே. அக்குழாங்கள் நிறுவனங்களின் உடைமையாக இல்லாது எழுத்தாளரின் உடைமையாகும்போதே, இளம் படைப்பாளி தமது பிரதிக்கு விலை பேசும் வலுவைப் பெறுவார்.