செப்புச் சுருளும் கொதி இறங்கும் நேரமும்

கடையிலிருந்து வந்த புதுச் செப்புச் சுருளைவிட, ஒருமுறை வோர்ட்டில் மூழ்கி எழுந்த சுருளுக்குத்தான் அழகு அதிகம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்து வெந்நீரில் ஊறவைத்து வடித்தெடுக்கும் இனிப்புச் சாறுதான் வோர்ட். அதை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் பீர். அந்தச் சாறில் லேசான அமிலம் உண்டு, பி.எச். அளவு 5.2-க்கும் 5.5-க்கும் நடுவில் நிற்கும். செப்புத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மங்கிய செம்பின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடை அந்தச் சிறிய புளிப்பே கரைத்துவிடுகிறது. கால் மணி நேரம் கொதியில் நின்ற சுருள் இளஞ்சிவப்பாக வெளியே வரும். கரைகிற செம்பு மிகச் சொற்பம். ஈஸ்ட்டுக்கு அதில் ஒரு துளி தேவையும்கூட. நொதிக்கும்போது எழும் அழுகிய முட்டை வாடையை அது அடக்கவும் செய்யும். ஆனால் பச்சைக் களிம்பு பூத்த சுருளை அப்படியே சாறுக்குள் இறக்கக் கூடாது. களிம்பு நஞ்சு. வினிகரில் நனைத்த துணியால் அதை முன்கூட்டியே துடைத்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களின் வழக்கமான ஈடு 5 கேலன், ஏறத்தாழ 19 லிட்டர். ஒரு மணி நேரம் கொதித்து முடிந்த இந்தச் சாறை 100 டிகிரி செல்சியஸிலிருந்து 20 டிகிரிக்கு இறக்க வேண்டும். கணக்குப் போட்டால் வெளியேற வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 1.75 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தானாக ஆறட்டும் என்று விட்டால் ஓர் இரவு முழுக்க ஆகும். அதைக் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் முடித்துத் தருவது வோர்ட் சில்லர். அதன் எளிய வடிவம்தான் மேலே சொன்ன செப்புச் சுருள், அதாவது மூழ்கு சுருள். குழாயின் உள்ளே குளிர்ந்த நீர், வெளியே கொதிக்கும் சாறு, கருவி அவ்வளவுதான்.

எதற்கு இந்த அவசரம்? கிருமி பயம் எல்லோரும் சொல்லும் காரணம், சரியான காரணமும்கூட. சர்க்கரை நிறைந்த சாறு 60 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் காற்றில் மிதக்கும் எதுவும் அதில் குடியேறலாம். ஈஸ்ட் முந்திக்கொள்ள வேண்டும். ஆனால் நாக்குக்குத் தெரிகிற காரணம் வேறு. பில்ஸ்னர் போன்ற வெளிர் மால்ட்டில் எஸ்.எம்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பொருள் இருக்கிறது. சூட்டில் அது உடைந்து டைமெதில் சல்பைடாக மாறும். வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடை அதற்கு. டைமெதில் சல்பைடின் கொதிநிலை வெறும் 37 டிகிரி என்பதால், அண்டா தளதளவென்று கொதிக்கும்வரை அது உண்டாக உண்டாக ஆவியோடு போய்க்கொண்டே இருக்கும். அடுப்பை அணைத்த பிறகுதான் சிக்கல். சாறு இன்னும் சூடாக இருப்பதால் உற்பத்தி தொடர்கிறது, ஆவி அடங்கியதால் வெளியேற வழியில்லை. வெளிர் மால்ட் சாறைத் தொண்ணூறு நிமிடம் பொறுமையாகக் கொதிக்கவிட்டவர், பிறகு மூடி போட்டு மெல்ல ஆறவிட்டால், விரட்டிய வாடையில் கொஞ்சத்தைத் திரும்ப அழைக்கிறார். ஆகவே சூடு இறங்கும்வரை மூடியைத் திறந்தே வைப்பது நல்லது.

ஹாப்ஸின் கதை இன்னும் நுட்பமானது. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறித்தான் கசப்பைத் தருகின்றன. 80 டிகிரிக்கு மேல் அந்த மாற்றம் நிற்பதில்லை. மணத்துக்காகக் கடைசி நிமிடத்தில் போட்ட பூக்கள், சாறு சூடாகவே கிடந்தால், மணத்தை ஆவியாக இழந்து கசப்பைச் சேர்க்கின்றன. 80 டிகிரிக்கு விறுவிறுவென்று இறக்கி, தண்ணீரை நிறுத்தி, ஒரு பிடி ஹாப்ஸ் போட்டு இருபது நிமிடம் ஊறவிட்டு, பிறகு மறுபடி தண்ணீரைத் திறப்பார்கள் கைதேர்ந்தவர்கள். நறுமண எண்ணெய்கள் சாறில் தங்கும், கசப்பு அதிகம் ஏறாது. முழு அண்டாவும் ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் இறங்குவதால்தான் இது முடிகிறது. மூழ்கு சுருளை நான் முதல் இடத்தில் வைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி நடக்கிற வேலையைப் பார்க்கலாம். கொதி முடிய கால் மணி நேரம் இருக்கும்போதே சுருளை அண்டாவுக்குள் இறக்கிவிடுவார்கள். கொதியே அதைத் தூய்மை செய்துவிடும். அடுப்பை அணைத்துத் தண்ணீரைத் திறந்ததும் வெளிக்குழாயில் கை வைக்க முடியாத வெந்நீர் வரும். அந்த முதல் வாளிகளைப் பிடித்துவைத்தால் பிறகு பாத்திரம் கழுவ உதவும். 100-லிருந்து 50 வரை சூடு மடமடவென்று சரிகிறது. வெப்பத்தை நகர்த்துவது இரு பக்கச் சூட்டுக்கும் உள்ள இடைவெளிதான். இடைவெளி குறையக் குறைய வேகமும் குறையும். 30-லிருந்து 20-க்கு வரும் கடைசிப் பத்து டிகிரி, முதல் ஐம்பது டிகிரியின் நேரத்தையே கேட்கலாம். பொறுமையில்லாதவர்கள் அங்கேதான் கைவிட்டு, 28 டிகிரியில் ஈஸ்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். சூட்டில் கிளம்பும் ஏல் வகை பீரின் ஈஸ்ட் பழவாடையையும் காரமான சாராய நெடியையும் அள்ளித் தரும். ஏலுக்கு 18 முதல் 20 டிகிரி, லாகர் வகை பீருக்கு 8 முதல் 10 டிகிரி. அதுவரை காத்திருந்தே ஆக வேண்டும்.

செம்பா, எவர்சில்வரா என்று பலர் வாதாடுகிறார்கள். வெப்பம் கடத்துவதில் செம்பு எவர்சில்வரைவிட இருபத்தைந்து மடங்கு மேல் என்பது உண்மை. அண்டாவுக்குள் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை என்பதும் உண்மை. குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெப்பம் அதை எளிதில் தாண்டிவிடும். தடை, குழாயை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய சாறுப் படலத்தில் இருக்கிறது. அந்தப் படலம் குளிர்ந்து போர்வையாகச் சுற்றிக்கொண்டால், அதற்கு அப்பால் உள்ள கொதிசாறுக்குக் குளிர் போய்ச் சேராது. தூய்மை செய்த நீண்ட கரண்டியால் நிதானமாக, நிறுத்தாமல் கிளறினாலோ, சுருளையே மேலும் கீழும் அசைத்தாலோ, அரை மணி நேரத்துக்கும் மேல் இழுக்கிற வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும். விலையுயர்ந்த சில்லரைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பவரைவிட, சாதாரணச் சுருளைக் கையில் பிடித்துக் கிளறுபவர் முந்துகிறார். இந்தக் கலையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிளறும் கைக்கே சாறின் நிலை தெரியவரும். 60 டிகிரிக்குக் கீழே போகப் போகப் புரதமும் பாலிஃபீனாலும் சேர்ந்து வெண்ணிறத் துணுக்குகளாகத் திரண்டு மிதக்கும். பிறகு அவை அடியில் படிய, மேலே தெளிந்த சாறு நிற்கும்.

ஜான் பாமருடன் சேர்ந்து ‘பிரூயிங் கிளாசிக் ஸ்டைல்ஸ்’ என்ற நூலை எழுதிய ஜமீல் ஜைனாஷெஃப், கரண்டிக்குப் பதில் ஒரு சிறு பம்பை வைத்து, சாறை அண்டாவுக்குள்ளேயே சுழலவிட்டுச் சுருளைச் சுற்றி ஓடச் செய்யும் முறையைப் பரப்பினார். சுழல் அடங்கும்போது கசடு நடுவில் குவிந்துகொள்வது கூடுதல் லாபம். பம்பு வாங்க முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

மூழ்கு சுருளுக்கு மாற்றாக எதிரோட்டச் சில்லர் உண்டு. அதில் சாறு உள்குழாயில் ஒரு திசையில் போக, அதைச் சூழ்ந்த வெளிக்குழாயில் தண்ணீர் எதிர்த்திசையில் வரும். பெரும்பாலும் செப்புக் குழாயைத் தோட்டத்து ஹோஸுக்குள் செருகிச் சுருட்டியதுதான். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் இரண்டும் நடுவில் ஏதோ ஒரு சூட்டில் சந்தித்து நின்றுவிடும். எதிரெதிராக ஓடும்போது, வெளியேறப்போகும் சாறு அப்போதுதான் உள்ளே வரும் மிகக் குளிர்ந்த நீரைச் சந்திக்கிறது. அதனால் குழாய்நீரின் குளிரை ஒரு சில டிகிரி வரை நெருங்கிவிட முடியும். தண்ணீரும் குறைவாகவே செலவாகும். அருமையான யோசனை. ஆனால் முறை வரும்வரை அண்டாவில் காத்திருக்கும் சாறு சூடாகவே கிடக்கும், ஹாப்ஸ் கசந்துகொண்டே இருக்கும். குழாயின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. சுத்தமாகிவிட்டது என்று நம்பத்தான் வேண்டும்.

தட்டுச் சில்லரைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1923-இல் இங்கிலாந்தின் ஏ.பி.வி. நிறுவனத்தில் ரிச்சர்ட் செலிக்மன் தட்டு வெப்பமாற்றியைப் பால் பதப்படுத்தும் வேலைக்காக உருவாக்கினார். நெளிவுகள் கொண்ட மெல்லிய தகடுகளை அடுக்கி இறுக்கி, ஓர் இடைவெளியில் பாலும் அடுத்ததில் நீரும் ஓடச் செய்த அந்த அடுக்கைக் கழற்றித் தகடு தகடாகக் கழுவ முடியும். பால் கருவிக்கு அதைவிடப் பெரிய தகுதி எது? வீட்டுக்கு வந்த சிறிய வடிவத்திலோ தகடுகளைப் பற்றவைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். கையடக்கமாக இருக்கிறது, சில நிமிடங்களில் ஈட்டை முடித்துவிடுகிறது. ஆனால் ஹாப்ஸ் துகள் ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டால் எதிர்த்திசையில் நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும், சிலர் ஓவனில் வைத்துச் சுடவும் செய்கிறார்கள். செலிக்மனின் கருவியில் இருந்த சிறப்பையே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது.

இந்த வசதிகள் வருவதற்கு முன் பஞ்சாங்கம்தான் சில்லர். 1553-இல் பவேரியாவின் ஐந்தாம் ஆல்பிரெக்ட், செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம் என்று ஆணையிட்டார். கோடையில் காய்ச்சிய பீர் அவ்வளவு கெட்டுப்போனது. பல ஊர்களில் சாறை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் பரப்பி இரவுக் காற்றில் ஆறவிட்டார்கள். பிரஸ்ஸல்ஸில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலை இன்றும் கூரைக்கடியில் உள்ள செப்புத் தொட்டியில் அப்படித்தான் ஆறவிடுகிறது, அதுவும் குளிர்மாதங்களில் மட்டும். காற்றிலிருந்து வந்து இறங்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் அவர்களது லாம்பிக் பீரை நொதிக்கவைக்கின்றன. மற்றவர்கள் அஞ்சி ஓடும் விருந்தாளியை அங்கே கூரையைத் திறந்து அழைக்கிறார்கள்.

அந்த விருந்தாளியை வேண்டாம் என்று சொன்னவர் லூயி பாஸ்டர். பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்சுக்கு ஜெர்மன் பீரை வெல்லும் பீர் வேண்டும் என்ற வேகத்தில் அவர் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். 1873-இல் அமெரிக்காவில் அவர் பெற்ற காப்புரிமை, கொதித்த வோர்ட்டை மூடிய கலத்தில் வைத்து, வெளிப்புறம் தண்ணீர் தூவிக் குளிர்விப்பதைப் பற்றியது. வெளிக்காற்று படாமல் ஆறவைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதற்குக் காரணம் நுண்ணோக்கியில் அவர் கண்ட உயிர்கள். வீட்டுக் கலைக்கு இந்த அறிவு வந்துசேரத் தாமதமானது. பிரிட்டனில் 1963-இல்தான் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்றானது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வரி இல்லாமல் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன் காய்ச்ச இடம் தந்தது. அதன்பின் குழாய்க்கடைகளில் விற்கும் மென்செப்புக் குழாயை ஏதாவது ஓர் உருளையில் சுற்றி மூழ்கு சுருளைத் தாங்களே செய்துகொண்டவர்கள் ஏராளம்.

ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும், முறையும் மாறும். டெக்சாஸின் கோடையில் குழாய்நீரே 30 டிகிரியைத் தொடும். எந்தச் சில்லராலும் சாறை அதற்குக் கீழே இறக்க முடியாது. முதலில் குழாய்நீரில் 40 டிகிரி வரை இறக்கிவிட்டு, பிறகு வாளியில் பனிக்கட்டியும் நீரும் வைத்துச் சிறு பம்பால் அந்த நீரைச் சுருளுக்குள் சுற்றவிடுவது சரியான வழி. ஆரம்பத்திலேயே பனிக்கட்டியைப் போட்டால் கொதிசாறு அதை விழுங்கிவிடும், கடைசிப் பத்து டிகிரிக்கு மிச்சம் இருக்காது. தண்ணீர்ப் பஞ்சம் அறிந்த ஆஸ்திரேலியர்கள் கொதிசாறை நேராகக் கெட்டிப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக மூடிப் படுக்கவைத்து இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள். கேனைச் சூடே தூய்மை செய்துவிடும். ஹாப்ஸ் போடும் நேரத்தை மட்டும் தள்ளிவைக்க வேண்டும். ஈஸ்ட் சேர்க்காத சாறை அப்படியே நெடுநாள் கிடத்தக் கூடாது. காற்றில்லாத, புளிப்பு குறைந்த சாறில் பொட்டுலினம் நஞ்சு உருவாகும் அபாயம் உண்டு. நார்வேயின் வோஸ் பகுதியிலோ பண்ணைவீட்டு ஈஸ்ட்டான க்வைக்கை 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே சேர்க்கிறார்கள். லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் அந்த மரபை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அங்கே கடைசிப் பத்து டிகிரிக்கான தவிப்பே கிடையாது.

வாங்கப் போகிறவருக்கு என் தேர்வைச் சொல்கிறேன். 5 கேலன் ஈட்டுக்கு அரை அங்குல விட்டமும் 50 அடி நீளமும் கொண்ட செப்புச் சுருள். 25 அடி நீளமும் 3/8 அங்குல விட்டமும் கொண்ட சுருளும் வேலை செய்யும், நேரம்தான் கூடும். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்க வேண்டும். சாறு அவற்றுக்கிடையே புகுந்து ஓட வேண்டும். சுருளின் உயரம் சாறின் மட்டத்துக்குள் அடங்க வேண்டும். மேலே நீண்டு நிற்கும் வளையம் காற்றைத்தான் குளிர்விக்கும். எல்லாவற்றையும்விட, ஹோஸ் மாட்டும் இணைப்புகள் அண்டாவின் விளிம்பைத் தாண்டி வெளியே, கீழ்நோக்கி வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே ஒரு கசிவு இருந்தால், கொதித்துத் தூய்மையான சாறுக்குள் கொதிக்காத குழாய்நீர் சொட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் சுருளை அண்டாவில் இறக்குவதற்கு முன், வெளியிலேயே வைத்துத் தண்ணீரை முழு வேகத்தில் திறந்து, இணைப்புகளைக் காய்ந்த விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் சுருளைக் கவிழ்த்து உள்ளே நிற்கும் நீரை ஊதி வெளியேற்றுங்கள்; பனி உறையும் ஊர்களில் உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்தால் செப்புக் குழாய் வெடித்துவிடும்.